வரிச்சலுகையில் பவர் டேபிளுக்கு என்ன பங்கு?

26 ஜூலை 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

அண்ணா, நாங்கள் திருப்பூரில் பதினாறு மெஷினுடன் பவர் டேபிள் நடத்துகிறோம். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, ஆடைக்கு அங்கே இனி வரியே கிடையாது, ஆர்டர் குவியப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. வங்கிக் கடன் வாங்கி இன்னும் இருபது மெஷின் போடலாமா என்று அப்பாவும் நானும் யோசிக்கிறோம். அங்கே வரி போனால் இங்கே எங்கள் கூலி உயரும்தானே?

26 ஜூலை 2025, இரவு

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அது நல்லது. நான் 1998 முதல் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஷிப்பிங் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். வரி, சான்றிதழ், கோட்டா ஆகியவற்றோடுதான் என் காலம் கழிந்திருக்கிறது.

ஜூலை 24 அன்று நம் வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலும் பிரிட்டிஷ் அமைச்சர் ஜோனதன் ரெனால்ட்ஸும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்ற நடைமுறைகள் முடிந்து, இரு நாடுகளும் ஒரு நாளைக் குறித்து அறிவிக்கும் வரை பழைய வரிதான் செல்லும். பருத்தி பனியன் துணியில் தைத்த டி-ஷர்ட்டுக்கு அங்கே பொது வரி 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான சலுகையின் கீழ் நமக்கு 9.6 சதவீதம். அதே டி-ஷர்ட் வங்கதேசத்திலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ துருக்கியிலிருந்தோ போனால் வரி இல்லை. அவர்கள் ஏற்கெனவே நிற்கும் இடத்துக்கு நாம் இப்போதுதான் போய்ச் சேரப்போகிறோம். ஓட்டப் பந்தயத்தில் நம் காலில் கட்டியிருந்த கல்லை அவிழ்க்கிறார்கள்; அதற்காக நான் மனதார மகிழ்கிறேன். ஆனால் கல் அவிழ்ந்தவன் உடனே முதலிடத்துக்கு வந்துவிட மாட்டான்.

இருபது மெஷின் இப்போது வேண்டாம் என்பதே என் முதல் பதில்.

27 ஜூலை 2025

உங்கள் கேள்வியின் கடைசி வரி இரவு முழுவதும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு டி-ஷர்ட்டின் எஃப்ஓபி விலை, அதாவது இங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் வரி, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மேல் விழும், ஆகவே 9.6 சதவீதம் என்பது ஒரு சட்டைக்கு ஏறத்தாழ 30 சென்ட். நம் பணத்தில் சுமார் 26 ரூபாய். உங்கள் பவர் டேபிளில் ஒரு சாதாரண வட்டக்கழுத்து டி-ஷர்ட்டைத் தைக்க நீங்கள் வாங்கும் கூலியைவிட அது அனேகமாக அதிகமாகவே இருக்கும். அந்தப் பணம் யார் கையில் மிஞ்சும் என்பதுதான் முழு விஷயமும்.

வரியைக் கட்டுவது நாம் அல்ல, அங்கே இறக்குமதி செய்யும் பையர். எனவே வரி போகும் நாளில் அந்த 26 ரூபாயும் முதலில் அவர் பையில்தான் இருக்கும். அதை அவர் தன் லாபத்தில் சேர்க்கலாம், கடையில் விலையைக் குறைக்கலாம், அல்லது நமக்கு ஒரு பங்கு தரலாம். மூன்றாவது வழி தானாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்து, ஆடைக்கு இருந்த 5 சதவீத வரி அன்றே போயிற்று. அடுத்த சீசனுக்கு விலை பேசும்போது, அந்த ஐந்தில் ஒன்றையாவது எங்களுக்குத் தாருங்கள் என்று எங்கள் முதலாளி ஒரு பையரிடம் கேட்டார். மூன்று நாள் கழித்து வந்த பதிலில் விலை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. ஆனால் வேறொரு நாட்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஸ்டைல்களை அவர் எங்களிடம் மாற்றினார். அந்த ஆண்டு நாங்கள் அவருக்கு அனுப்பிய பீஸ் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடியது. எங்கள் காஸ்டிங் தாளில், அதாவது விலைக் கணக்குத் தாளில், தையல் கூலி என்ற கட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

எனவே வரி போனால் கூலி உயராது, பீஸ்தான் கூடும். கூடும் பீஸைத் தைக்க ஊரில் ஆளும் மெஷினும் போதாமல் போகும்போதுதான் கூலி ஏறும்.

30 ஜூலை 2025

ஒரு திருத்தம். வரியை எப்போதும் பையரே கட்டுவார் என்று எழுதியது முழுச் சரியில்லை என்று வேறொரு வாசகர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரக்கைப் பையரின் கிடங்குவரை கொண்டு சேர்த்து, வரியையும் தாங்களே செலுத்தும் டிடிபி முறையில் விற்கும் கம்பெனிகள் திருப்பூரிலும் உண்டு. அவர்களுக்கு வரி போனால் பணம் முதலில் அவர்கள் கையில் நிற்கும். ஆனாலும் அடுத்த விலைப் பேச்சில் பையர் அதைக் கேட்காமல் விடுவாரா என்பது அந்தப் பையருக்கு வேறு எத்தனை பேர் சரக்குத் தரக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே முடிவு பெரிதாக மாறவில்லை.

2 ஆகஸ்ட் 2025

"ஆர்டர் குவியும் என்று இதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார்களா அண்ணா" என்று கேட்டிருந்தீர்கள். சொல்லியிருக்கிறார்கள், அப்போது நானும் நம்பினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோட்டாக் காலம். ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்ப வேண்டுமானால் கேட்டகரி 4, அமெரிக்காவுக்குப் பருத்தி பனியன் சட்டை என்றால் 338, 339 என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என ஒரு வரம்பு இருந்தது. அதை ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் பங்கிட்டுத் தரும். முந்தைய ஆண்டுகளில் அதிகம் அனுப்பியவருக்கு அதிகக் கோட்டா கிடைக்கும். கோட்டா மிஞ்சியவர் அதை இன்னொருவருக்கு விற்பார். ஒரு மெஷின்கூட ஓட்டாமல் கோட்டாவை விற்றே ஆண்டு முழுவதும் சம்பாதித்தவர்கள் இருந்தார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் கோட்டா விலை ஏறி, கம்பெனியின் லாபம் முழுவதையும் அது தின்றுவிட்ட சரக்குகளுக்கு நானே ஆவணம் தயாரித்திருக்கிறேன்.

1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, இந்தக் கோட்டாவைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக நீக்குவது என்று உடன்பாடு ஆயிற்று. 2005 ஜனவரி 1 அன்று அது முற்றிலும் போயிற்று. அந்த ஒரு நாளை எதிர்பார்த்துத் திருப்பூரில் கட்டப்பட்ட கட்டடங்களும் இறக்குமதி செய்யப்பட்ட மெஷின்களும் கொஞ்சமல்ல. முதலில் ஆர்டர் வரவும் செய்தது. ஆனால் அதற்குப் பாதிக் காரணம், சீனச் சரக்கு வெள்ளம்போல் புகுந்ததைக் கண்டு பயந்து ஐரோப்பா 2007 முடிவு வரையும் அமெரிக்கா 2008 முடிவு வரையும் சீனாவுக்கு மட்டும் மறுபடி அளவு கட்டியதுதான். நம் திறமையால் மட்டும் வந்த ஆர்டர் அல்ல என்பதை அன்று நாங்கள் உணரவில்லை. 2007-இல் டாலர் 39 ரூபாய்க்கு இறங்கியது. 44 ரூபாய் என்று கணக்குப் போட்டு விலை சொன்ன கம்பெனிகளின் லாபம் கரைந்தது. வங்கதேசமோ 2001 முதலே ஐரோப்பாவில் வரியில்லாமல் விற்கும் உரிமையை வைத்திருந்தது. கோட்டா இருந்தவரை மறைந்திருந்த அந்த வேறுபாடு, கோட்டா போனதும் அப்பட்டமாகத் தெரிந்தது.

கட்டிய கட்டடங்கள் சில இன்று கல்யாண மண்டபங்கள். அந்த உரிமையாளர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களை நினைத்துத்தான் உங்கள் கடன் விஷயத்தில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட் 2025

ஜப்பானைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஜப்பானுடனான ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஆடைக்கு அங்கே வரி இல்லை. பதினான்கு ஆண்டுகள் ஆகியும் ஜப்பான் இறக்குமதி செய்யும் ஆடைகளில் நம் பங்கு ஒரு சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது.

நாங்கள் மூன்று சீசன் ஜப்பானுக்குச் சாம்பிள் அனுப்பி, ஒரே ஒரு ஆர்டர் செய்தோம். உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் தேடிச் சேர்த்து, தாளில் ஒட்டி, தேதி போட்டு வைக்க வேண்டும். எல்லாப் பீஸும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியின் வழியே போக வேண்டும். உட்புறத்து நூல் முனைகூட வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு நிறத்துக்கு அவர்கள் கேட்ட எண்ணிக்கை, சாயப்பட்டறை ஒரு தடவைக்கு ஏற்றும் துணியில் பாதிகூட வராது. அதற்கெல்லாம் மேலாக, அவர்கள் அதிகம் வாங்குவது செயற்கை இழை ஆடை. நாமோ பருத்தியிலேயே ஊறிய ஊர்.

அந்த ஆர்டரில் எங்களுக்கு நட்டம். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் செக்கிங் பிரிவின் தரமே மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

8 ஆகஸ்ட் 2025

நேற்று முதல் அமெரிக்கா நம் சரக்கின் மேல் 25 சதவீதம் கூடுதல் வரி போடத் தொடங்கிவிட்டது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27-ஆம் தேதி முதல் இன்னொரு 25 என்றும் அறிவித்திருக்கிறது. "பிரிட்டன் பேச்சு இருக்கட்டும், இதற்கு என்ன செய்வது" என்று நீங்கள் பதறி எழுதியிருப்பதைப் பார்த்தேன்.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் பொது வரியே 16.5 சதவீதம். அதோடு 50 சேர்ந்தால் 66.5. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20, பாகிஸ்தானுக்கு 19. இந்த இடைவெளியைத் தாங்கும் லாபம் திருப்பூரில் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. நூறு ரூபாய் சரக்கில் ஐந்து ரூபாய் மிஞ்சினாலே எங்கள் முதலாளிக்கு அது நல்ல ஆண்டு.

இதையும் பிரிட்டன் ஒப்பந்தத்தையும் ஒன்றுக்கொன்று எதிரான செய்திகளாகப் பார்க்கிறோம். நான் ஒரே செய்தியாகப் பார்க்கிறேன். அமெரிக்காவோடு நமக்கு ஆடைக்கு வரிச்சலுகை தரும் எந்த ஒப்பந்தமும் இருந்ததில்லை. வளரும் நாடுகளுக்கு அவர்கள் தந்த பொதுச் சலுகையிலும் ஆடை பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் 2019 ஜூனில் அந்தச் சலுகையிலிருந்து இந்தியாவை நீக்கியபோது திருப்பூர் அசையவில்லை. கையில் தாள் இல்லாத சந்தையில் வரியை ஒரே அறிவிப்பில் ஏற்றலாம். சலுகையாகக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாம். 2010 ஆகஸ்டில் இலங்கைக்கு ஐரோப்பா தந்திருந்த கூடுதல் சலுகை பறிக்கப்பட்டு, 2017 மே வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்குள்ள ஆடைத் தொழிற்சாலைகள், நம்மைப் போலவே சாதாரணச் சலுகை வரியைச் சுமந்தே போட்டியிட்டன. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அவ்வளவு எளிதாகத் தூக்கிப் போட முடியாது. முப்பது சென்ட் கணக்கு போட்டுப் பிரிட்டன் ஒப்பந்தத்தைச் சிறிதாக்கி எழுதிவிட்டேனோ என்று இன்று தோன்றுகிறது. அது தரும் நிச்சயத்துக்கும் ஒரு விலை உண்டு; ஐந்து ஆண்டுத் தவணையில் மெஷின் வாங்குபவருக்கு வேண்டியது அதுதான்.

17 ஆகஸ்ட் 2025

இன்று விடுமுறை. நெடுநாளாக எழுத நினைத்த ஒன்றை எழுதுகிறேன்.

சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐரோப்பிய பையருக்குப் பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டை ஆர்டர் எடுத்தோம். அந்தத் துணி அப்போது திருப்பூரில் சரியாகக் கிடைக்கவில்லை. சீனாவிலிருந்து வரவழைத்து, இங்கே வெட்டித் தைத்து அனுப்பினோம். இந்தியாவில் தைத்தது இந்தியச் சரக்குதானே என்று நான் வழக்கம்போல், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன், சான்றிதழும் கிடைத்தது. ஆனால் வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் வரிச்சலுகையின் விதிப்படி, நம் போன்ற நாட்டிலிருந்து போகும் பனியன் ஆடைக்குத் துணி பின்னுவதும் தைப்பதும் இரண்டுமே இங்கே நடந்திருக்க வேண்டும். மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு மட்டும் 2011 முதல் தைத்தாலே போதும் என்று தளர்த்தியிருந்தார்கள். வங்கதேசத்துக்குப் பொருந்தும் விதியை நமக்கும் பொருந்தும் என்று நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து அந்நாட்டுச் சுங்கத்திலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வந்தது. துணி வாங்கிய பில், பின்னிய இடத்தின் ரசீது எல்லாம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது சீனக் கம்பெனியின் பில்தான். 9.6-க்கும் 12-க்கும் இடையிலான 2.4 சதவீதமும் அபராதமும் பையரிடம் வசூலிக்கப்பட்டு, அவர் அந்தப் பணத்தை எங்கள் கணக்கில் பிடித்து டெபிட் நோட் அனுப்பினார். முதலாளி என்னைத் திட்டவில்லை; அந்தத் தாளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு மாதம் நான் விதிகளை வரி வரியாகப் படித்தேன்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று தவறின் விலை 2.4 சதவீதம். பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அதே தவறின் விலை முழுப் பன்னிரண்டு, அதாவது ஐந்து மடங்கு. வரிச்சலுகை எவ்வளவு பெரிதோ, நூல் வாங்கிய பில் முதல் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல் வரை ஒவ்வொரு டெலிவரி சலானும் அவ்வளவு முக்கியமாகிறது. உங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட் தரும் சலானும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதும் யூனிட்டுக்குப் பிரிட்டன் வேலையைத் தரக் கம்பெனிகள் தயங்கும்.

கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் ராஜபாளையத்திலும் நூற்று, திருப்பூரில் பின்னி, இங்கேயே சாயமிட்டுத் தைக்கும் பருத்திச் சட்டைக்குப் பூர்வீக விதி ஒரு பிரச்சினையே அல்ல. நம் பலம் அதுதான். செயற்கை இழைக்குப் போகும்போதுதான் துணி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கழுத்தைப் பிடிக்கும்.

21 ஆகஸ்ட் 2025

பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 19-ஆம் தேதி முதல் மத்திய அரசு நிறுத்திவைத்திருக்கிறது. நூல் விலை குறையும் என்று எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் நிம்மதி.

எனக்கும் நிம்மதிதான், ஆனால் முழுமையாக இல்லை. 2021 பிப்ரவரியில் அந்த வரியைப் போட்டபோது உள்நாட்டு விவசாயியைக் காப்பதற்கு என்றார்கள். இப்போது நாங்கள் அமெரிக்காவில் வாங்கிய அடிக்கு ஒத்தடம், விதர்பாவிலும் தெலங்கானாவிலும் பருத்தி எடுக்கக் காத்திருக்கும் விவசாயியின் விலையிலிருந்து எடுக்கப்படுகிறது. அரசு இந்த ஆண்டு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் ஆதார விலை அறிவித்திருக்கிறது. சந்தையில் அதற்குக் கீழே போனால், இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் மையத்தில் வரிசையில் நிற்கப் போவது அவர்தான். ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 51,000 டன் பஞ்சை வரியில்லாமல் விடுவது என்று அளவு கட்டி ஒத்துக்கொண்டோம். அளவு கட்டியதால் அது நீண்ட இழைப் பஞ்சு தேவைப்படும் மில்லுக்கு உதவியது, விவசாயியைப் பெரிதாகத் தொடவில்லை. இப்போது செய்திருப்பதில் அளவு இல்லை. ஏற்றுமதியாளர் என்ற முறையில் நன்றி சொல்லிக்கொண்டே, இதை அளவு கட்டிச் செய்திருக்கலாம் என்றும் எழுதிவைக்கிறேன்.

29 ஆகஸ்ட் 2025

அமெரிக்காவின் ஐம்பது சதவீதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 27-ஆம் தேதிக்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கம் தாண்டும் சரக்குக்கு மட்டும் இரண்டாவது 25 இல்லை. மூன்று நாள் இரவு பகலாகத் தூத்துக்குடிக்குப் பெட்டி அனுப்பினோம். எங்கள் ஆர்டரில் பாதி அமெரிக்காவுக்கு. தைத்து அடுக்கியிருக்கும் நாற்பதாயிரம் பீஸை நிறுத்திவைக்கச் சொல்லி நேற்று பையர் எழுதியிருக்கிறார்.

இன்று வேறு எதுவும் எழுத மனமில்லை.

14 செப்டம்பர் 2025

அந்தப் பீஸில் பெரும்பகுதி தள்ளுபடி விலையில் போயிற்று. பஞ்சு வரி விலக்கையும் டிசம்பர் 31 வரை நீட்டித்துவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: "ஏற்றுமதி வேலை குறைந்துவிட்டது, காதர்பேட்டைக்கு உள்நாட்டு வேலை எடுக்கலாமா?" திருப்பூரின் உள்நாட்டு ஆடைச் சந்தையான காதர்பேட்டைக்கு எடுக்கலாம். ஆனால் அங்கேயும் ஓர் ஒப்பந்தம் உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. தெற்காசிய வர்த்தக உடன்பாட்டின் கீழ், 2011-இல் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோதும் அதைத் தொடர்ந்தும், வங்கதேச ஆடைக்கு நாம் வரியில்லாத அனுமதி கொடுத்தோம். அண்டை நாட்டுக்குக் கை கொடுப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். 2017 வரை அந்த ஆடைகளுக்கும் உள்நாட்டு உற்பத்தி வரிக்கு ஈடான ஒரு வரி இருந்தது. ஜிஎஸ்டி வந்ததும் அது போய், இறக்குமதியாளர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய வரியாக மாறிவிட்டது. அதன்பின் நம் ஊர்ப் பெரிய கடைகளின் அலமாரிகளில் வங்கதேசச் சட்டைகள் நிறைந்தன. யாரும் புதிய ஒப்பந்தம் போடவில்லை; நம் உள்நாட்டு வரிச் சீர்திருத்தமே பழைய ஒப்பந்தத்தின் வீச்சைப் பெரிதாக்கிவிட்டது.

இதிலும் இன்னொரு முகம் இருக்கிறது. அந்தச் சட்டைகளில் பலவற்றின் நூல் நம் நாட்டில் நூற்றது. திருப்பூரின் போட்டியாளர் கோயம்புத்தூர் மில்லின் வாடிக்கையாளர். இந்த ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக நம் நூல் வருவதை நிறுத்தியது. மே 17 அன்று, அவர்கள் ஆடை நாவா சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியே மட்டுமே வரலாம் என்று நாம் கட்டுப்படுத்தினோம். அந்த இரண்டாவது உத்தரவால் காதர்பேட்டையில் கொஞ்சம் வேலை கூடியிருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த வேலையை நம்பியும் கடன் வாங்காதீர்கள்.

5 அக்டோபர் 2025

நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளோடு ஒப்பந்தம் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததைச் சுட்டி, சுவிஸ் பையரைத் தேடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகத் தேடலாம். ஆனால் சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதலே தொழிற்பொருள்களுக்கு யாரிடமிருந்தும் இறக்குமதி வரி வாங்குவதில்லை. ஆடையைப் பொறுத்தவரை அங்கே ஒப்பந்தம் நமக்குப் புதிதாக எதையும் தரவில்லை. சீனாவுக்கும் அங்கே சுழியம், நமக்கும் சுழியம். ஒப்பந்தத்தின் தலைப்பைப் படித்ததும், அங்கே முன்பு என்ன வரி இருந்தது, போட்டியாளருக்கு என்ன வரி இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

இதை எழுதும்போது ஒப்பந்தத்தின் இன்னொரு முனை நினைவுக்கு வருகிறது. உலக வர்த்தக அமைப்பின் மானிய விதிப்படி, ஒரு நாட்டின் தனிநபர் வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டால் ஏற்றுமதிக்கு என்று தனியாக மானியம் தரக்கூடாது. நாம் தாண்டிவிட்டோம் என்று 2018-இல் அமெரிக்கா வழக்குத் தொடுத்து, 2019 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. ஆடைக்குத் தந்துகொண்டிருந்த 4 சதவீத எம்இஐஎஸ் ஊக்கத்தொகையை 2019 மார்ச் 7 முதலே ரத்து என்று 2020 ஜனவரியில் முன்தேதியிட்டு அறிவித்தார்கள். நாங்கள் அந்த நான்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விலை சொல்லி, சரக்கை அனுப்பி, பணமும் வாங்கி முடித்திருந்தோம். அந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது முதலாளியின் முகம் இருந்த நிலையை மறக்க முடியாது. இப்போதுள்ள ஆர்ஓஎஸ்சிடிஎல், நாம் ஏற்கெனவே கட்டிய மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தருவது. அது மானியம் ஆகாது என்பதால் நிலைக்கிறது.

23 நவம்பர் 2025

உங்களிடமிருந்து ஒன்றரை மாதம் எழுத்தே இல்லை. நேற்று வந்த குறிப்பைப் படித்தேன். பதினாறில் ஒன்பது மெஷின்தான் ஓடுகிறது, ஒடிசாவிலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, ஒரு கம்பெனியில் மட்டும் பிரிட்டன் ஆர்டருக்கு அடுத்த ஆண்டு சேர்ந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஜூலையில் "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதியதை இப்போது மாற்றுகிறேன். இருபது வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் எதுவுமே செய்யாமல் காத்திருங்கள் என்று சொல்வதும் சரியில்லை. அமெரிக்க வேலையை இழந்த கம்பெனிகள் எல்லாம் பிரிட்டனையும் ஐரோப்பாவையும் நோக்கித் திரும்பியிருக்கின்றன. ஒரே கதவில் எல்லாரும் நுழையும்போது பையர் விலையைக் குறைத்துக் கேட்பார் என்பது உண்மை. அதே சமயம், ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் வாரத்தில் போய் நிற்பவருக்கு இடம் இருக்காது. எந்த யூனிட்டில் எதைத் தைப்பது, யார் தணிக்கையில் தேறுவார்கள் என்பதைக் கம்பெனிகள் இப்போதே பார்த்து வைக்கின்றன. எங்கள் கம்பெனியே சென்ற மாதம் ஆறு பவர் டேபிள்களுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தது. அவர்கள் மெஷினை எண்ணவில்லை. தொழிலாளர் வருகைப் பதிவேடு, இஎஸ்ஐ, பிஎஃப் கட்டிய சீட்டு, தீயணைப்புக் கருவி, சலான் புத்தகம், உடைந்த ஊசிக் கணக்கு ஆகியவற்றைத்தான் பார்த்தார்கள். ஆறில் இரண்டைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஆகவே கடன் வாங்குவதாக இருந்தால், பழைய மெஷினில் பழுதானதை மாற்றவும், ஓவர்லாக்கில் இரண்டும் பிளாட்லாக்கில் இரண்டும் புதிதாகச் சேர்க்கவும், கணக்கை ஒழுங்குபடுத்த ஒருவரை வேலைக்கு வைக்கவும் போதுமான அளவுக்கு மட்டும் வாங்குங்கள். கூலியைப் பற்றி ஜூலையில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்: பையர் மனமிரங்கி உயர்த்தமாட்டார். பவர் டேபிள் சங்கம் உட்கார்ந்து பேசும்போது, இந்த வரிச்சலுகை சட்டைக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கோடு மேசைமேல் வைக்க வேண்டும். அந்த 26 ரூபாய்க் கணக்கை இன்றைய டாலர் விலைக்கு மாற்றி, சங்கச் செயலாளரிடம் காட்டத் தனித்தாளில் எழுதித் தருகிறேன்.

உங்களைக் கூப்பிட்ட கம்பெனியிடம் இரண்டு விஷயம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர்கள் பிரிட்டன் பையருடன் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள்? தைக்கப் போகும் துணி திருப்பூரில் பின்னியதா, வெளிநாட்டிலிருந்து வருவதா? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் தயங்கினால், அன்றே எனக்குச் சொல்லுங்கள்.